இரண்டாவது கியர்

ஜனவரி 9

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். யாரிடம் சொல்லி எழுத வைத்தார் என்று யோசிக்காதே. நானேதான் எழுதுகிறேன். என் கை, என் பேனா. எழுபத்து நாலு வயதில் இது என் முதல் கடிதம்.

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள் என்று போனில் சொன்னேனே. நீ கூட “நல்லதுப்பா, பொழுது போகும்” என்றாய். பொழுது எங்கே போகிறது, போதவே மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். எங்கள் வாத்தியாரம்மாவுக்கு என்னில் பாதி வயதுகூட இருக்காது. “ஐயா, தப்பு வந்தா அடிச்சிட்டு மேல போங்க, நின்னுடாதீங்க” என்பார். அதனால் அடித்தல் திருத்தல்களைப் பொறுத்துக்கொள்.

இப்போதெல்லாம் தெருவில் இறங்கினால் வாயை மூட முடியவில்லை. மருந்துக் கடை, பூட்டு பழுது பார்க்கப்படும், இங்கே குப்பை கொட்டாதீர். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கும் படிக்கத் தெரியும் பெரியவரே” என்றார். அவருக்கு அதிலுள்ள ருசி போய்விட்டது, பாவம்.

போன வாரம் நீ ஒரு விஷயம் ஆரம்பித்தாய். ரேஸ் கார் மாதிரி ஒரு வேகமான கார் வாங்கப் போகிறேன், தினமும் வேலைக்கு அதில்தான் போவேன் என்றாய். அதற்குள் லிஃப்டுக்குள் போய்விட்டாய், லைன் போய்விட்டது. நம் போன் பேச்சே அப்படித்தான். நீ “சாப்டீங்களா” என்பாய், நான் “நீ சாப்டியா” என்பேன். இருவரும் சாப்பிட்டிருந்தால் பேச்சு முடிந்தது. கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. என்ன கார், எத்தனை கார் பார்த்தாய், விவரமாக எழுது. முப்பத்தொரு வருடம் ஹோட்டலில் கார் நிறுத்தியவன் நான். என்னைக் கேட்காமல் வாங்கிவிடாதே, பாப்பா.

உன் அன்புள்ள
அப்பா

ஜனவரி 22

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். உறையில் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் அப்பாவின் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. பள்ளி மதிப்பெண் அட்டையில் எல்லாம் உங்கள் கட்டைவிரல்தான்.

கார் விஷயம். நாள் முழுக்க நிமிடத்துக்கு அறுபது மீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிறேன். கம்பி தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு மூடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். மெதுவாகப் போகும் ஒன்று பத்திரமாகப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ. ஆனால் அது மட்டும் காரணமில்லை. நான் எங்கேயும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவள் இல்லை, உங்களுக்குத் தெரியும்.

மூன்று வண்டி பார்த்திருக்கிறேன். முதலாவது தரையோடு தரையாக இருக்கும். இரண்டே சீட்டு, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். நூறைத் தொட மூன்றரை நொடி. இரண்டாவது முதுகு வளைந்தது, கண் பிதுங்கினது, எஞ்சின் வாலில். பெயருக்குப் பின்சீட்டு உண்டு. நான்கு நொடி. மூன்றாவது பார்க்கச் சாதாரண நான்கு கதவுக் கார், உள்ளே பேய் எஞ்சின். அதற்கும் நான்கு நொடிதான்.

காட்சியறையில் இருக்கிற பையன் முதலாவதைக் காட்டிவிட்டு, “மேடம், இதெல்லாம் ஞாயித்துக்கிழமை வண்டி, தினமும் ஓட்டினா இடுப்பு போயிடும்” என்றான். “நான் தினமும் பாதாளத்துல இறங்கி மொட்டை மாடில ஏர்றேன் தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். பாதி நெரிசல், பாதி நல்ல சாலை. ஒரு பெரிய கருவிப் பை. எதை எடுக்கலாம், சொல்லுங்கள். இந்த வண்டிகளையெல்லாம் கையால் தொட்டவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

அன்புடன்
மகள்

பிப்ரவரி 5

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று படித்துக் காட்டினேன். நூறைத் தொட மூன்றரை நொடி என்ற இடத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. கைதட்டினார்கள்.

இனி விஷயம். நீ சொன்ன மூன்றும் எனக்குத் தெரியும். எங்கள் ஹோட்டலில் கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் அவற்றுக்குப் பெயர் உண்டு. முதலாவது பல்லி. இரண்டாவது தவளை. மூன்றாவது பீரோ.

பல்லியை எடுக்காதே. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சரிவில் இறங்கும்போது மூக்கு தரையில் உரசும். நேராக இறக்கினால் உரசும், கோணலாக இறக்கினால் பின்பக்கம் உரசும். நீ போகிற கட்டடமெல்லாம் கீழ்த்தளம் உள்ளவை. இப்போது மூக்கைத் தூக்க ஒரு பொத்தான் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தூக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவன் உன் பரம்பரையை விசாரிப்பான். கதவு நீளம். இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும், நீ வழுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியவே தெரியாது. நாங்கள் தரையில் உள்ள எண்ணெய்க் கறையைப் பார்த்து இடம் கணித்துத்தான் பின்னால் எடுப்போம். நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் கிளட்ச் கருகுகிற வாடை வரும், முதுகுப் பக்கம் அடுப்பு வைத்தாற்போல் சூடு. உன் பை மடியில்தான்.

பீரோ நல்ல வண்டி. இடம் உண்டு, சரிவில் உரசாது. ஆனால் நீளம். வளைவில் இரண்டு முறை முன்னே பின்னே போகவேண்டும். பிறகு, உனக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அது பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் தெரியவேண்டாமா?

தவளையை எடு. மூக்கு உயரம் போதும். கதவு அளவாகத் திறக்கும். உட்கார்ந்தால் நான்கு மூலையும் கண்ணுக்குத் தெரியும். பின்சீட்டில் மனிதர் உட்கார முடியாது, உன் பை ராஜா மாதிரி உட்காரும். மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னுக்கு வழியாது. வாலில் எஞ்சின் கனம் இருப்பதால் சக்கரம் தரையைக் கவ்விக்கொள்ளும். டயர் ஓரம் ரொம்ப மெல்லிசாக இல்லாததாகக் கேள், பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் வளைந்துபோகும். ஏறி இறங்கிப் பார்க்காமல் பணம் கட்டாதே. பத்து தடவை ஏறு, பத்து தடவை இறங்கு. தினமும் ஓட்டுகிற காருக்கு அதுதான் பரீட்சை.

பத்து நாள் ஆயிற்று இதை எழுத. கை வலிக்கிறது, சந்தோஷமான வலி.

உன்
அப்பா

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பா,

சிரித்துக்கொண்டே படித்தேன். காட்சியறைப் பையனிடம் கடிதத்தைக் காட்டினேன். “யார் மேடம் இது, கம்பெனிக்கே தெரியாததெல்லாம் எழுதியிருக்காரு” என்றான். பல்லியை விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். சரிவு, தூண், கதவு, வளைவு, கிளட்ச் வாடை. நீங்கள் எழுதியதெல்லாம் வண்டி ஊர்ந்து போகும்போது எப்படி இருக்கும் என்பதுதான். நூறில் எப்படி இருக்கும்? நூற்றைம்பதில் ஸ்டியரிங் கனக்குமா, லேசாகுமா? சின்ன வயதில் சாப்பிடும்போது எவ்வளவு சொல்வீர்கள். விமான நிலையத்துக்கு இருநூறில் போனேன், லாரிகளெல்லாம் நின்றுகொண்டிருப்பது போலத் தெரிந்தது என்று. அம்மா, “சோத்தைப் பாத்து சாப்பிடுங்க, அது இருநூறுல ஓடாது” என்பாள். நான் அதைப் பள்ளியில் போய்ச் சொல்லாத நாள் இல்லை.

அப்பா, முப்பத்திரண்டு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அம்மாவுக்கு வயிற்றுவலி வந்த அன்று ஒரு ஆலைக்காரர் தன் சிவப்புக் காரின் சாவியை உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்தீர்கள். அம்மாவைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியே உங்கள் கூட்டாளிகள் பேசிக்கொண்டார்கள். “எவ்ளோ நேர்மையான ஆளுய்யா, அந்த நேரத்துலயும் கஸ்டமர் வண்டியைத் தொடல.” அன்றிலிருந்து அந்தச் சொல்லே எனக்கு ஆகாது.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. அந்த வயதைத் தாண்டிவிட்டேன். தவளையை விற்கிற கடை உங்கள் ஊரிலும் இருக்கிறது. நான் வருகிறேன். ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். ஒரே ஒரு தடவை நீங்கள் ஓட்டுங்கள், நல்ல சாலையில், நல்ல வேகத்தில். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அன்றைக்கு நீங்கள் ஓட்டாத வண்டியை ஒரு தடவை ஓட்டிக் காட்டினால், அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டேன். அந்தக் காரையே வாங்கிக்கொள்கிறேன்.

மகள்

மார்ச் 10

மகளுக்கு,

இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்க முடியாது என்பதால்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் காட்டவில்லை. சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஹோட்டலில் கார் துடைக்கத்தான் சேர்ந்தேன். துடைத்த காரை நகர்த்தி வைக்கச் சொன்னார்கள், நகர்த்தினேன். கீழ்த்தளம் இருநூறு மீட்டர். அங்கே யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. வெளியே போகிற வேலைக்கு லைசென்ஸ் உள்ள டிரைவர்கள் தனியாக இருந்தார்கள். லைசென்ஸுக்குப் போனால் போர்டு படிக்கச் சொல்வார்கள், படிவம் எழுதச் சொல்வார்கள் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் உலகத்தில் இருக்கிற உயர்ந்த காரையெல்லாம் ஓட்டினேன். ஒன்றையும் இரண்டாவது கியருக்கு மேல் போட்டதில்லை. ஒன்றையும் வாசல் தாண்டி எடுத்ததில்லை. மூன்றாவது கியர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

விமான நிலையம், இருநூறு, லாரிகள் எல்லாம் டிரைவர்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வது. நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். உன் கண் விரிவதைப் பார்க்க நன்றாக இருந்தது. உன் அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் ஒரு தடவைகூட என்னை மடக்கவில்லை.

அன்றைக்கு வரவேற்பில் போன் வந்தது, உடனே வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்கள் என்றார்கள். ஆலைக்காரர் அப்போதுதான் சிவப்புக் காரை நிறுத்திவிட்டு நின்றார். கேட்டதும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “எடுத்துட்டுப் போய்யா, வண்டி என்ன பெரிய வண்டி” என்றார். சாவி சூடாக இருந்தது. “ஐயா, எனக்கு ரோட்டுல ஓட்டத் தெரியாது, நீங்க வந்து விட்டுடுங்க” என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். நல்ல மனிதர். சுற்றி எல்லோரும் நின்றார்கள். என் வாயில் அது வரவில்லை. “வேண்டாங்கய்யா, கஸ்டமர் வண்டி, நான் பஸ்ல போயிடறேன்” என்று வந்தது. அதை எல்லோரும் நேர்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஐம்பது நிமிடம். நான் திருத்தவில்லை. நீயும் அப்படி நினைத்துக் கோபப்பட்டாய். தெரியாதவன் என்று நீ நினைப்பதைவிட, கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அது இத்தனை வருடம் வீட்டுச் சுவரில் தொங்கியது உனக்குத் தெரியும். போன மாதம்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். ஆறு வரி. கழற்றிவிட்டேன். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது.

நீ கேட்ட அந்த ஒன்றை என்னால் தர முடியாது.

அப்பா

ஏப்ரல் 4

அப்பா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஒரு ஆளை முப்பத்திரண்டு வருடம் ஒரு காரணத்துக்காகத் தள்ளியே வைத்திருந்தேன். இப்போது அந்தக் காரணம் இல்லை என்கிறீர்கள். அது இருந்த இடத்தில் எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதோடு நின்றிருந்தால்கூட நான் ஓடி வந்து உங்களைப் பார்த்திருப்பேன்.

நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. ஹோட்டலுக்குப் போன் செய்தது நான்தான், மளிகைக் கடையிலிருந்து. வரவேற்பில் இருந்த அக்கா, “உங்கப்பா கையில சிவப்புக் கார் சாவி கொடுத்துட்டாங்கம்மா, இதோ வந்துடுவார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் எதிர்வீட்டுப் பால் வண்டி மாமா வண்டியை ஸ்டார்ட் செய்து நின்றிருந்தார். “அம்மாவைக் கூட்டிட்டு வா, பின்னாடி கேனையெல்லாம் இறக்கிட்டேன்” என்றார். நான் சொன்னேன்: “வேண்டாம் மாமா, எங்கப்பா ரேஸ் கார்ல வராரு. உங்க வண்டியைவிட வேகமா போயிடுவாரு.”

அவர் கொஞ்ச நேரம் நின்றார். அம்மாவும் உள்ளேயிருந்து, “அவர் வரட்டும்” என்றாள். அம்மாவுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நம்பிக்கையில்லை. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா? மாமா போய்விட்டார். நான் தெரு முனையில் சிவப்பைத் தேடிக்கொண்டே நின்றேன். நீங்கள் நடந்து வந்தீர்கள்.

அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னது உங்களிடம். ஆனால் கேட்டுக்கொண்டு நின்றது நான். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மேல் கோபம் இருந்தவரை இதைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

கார் எதுவும் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

மே 8

என் மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதம் உன் சொல்லைக் கேட்டேன். இது ஒன்று மட்டும். பதில் போட வேண்டாம்.

பதினோரு வயதுப் பிள்ளை அப்பா சொன்னதை நம்பியது. அதைத் தவிர அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை. சொன்னவன் நான். அன்றைக்கு வாசலில் நீ பேசினாய், ஆனால் அது நான் உனக்கு ஊட்டிய பேச்சு. அந்த அரை மணி நேரம் என்னுடையது. அதை உன்னிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்கிறேன். கட்டைவிரல் இல்லை, கீழே கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதம் வந்த பிறகு அந்த ஹோட்டலுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் முதல் தடவை. பின்வாசலில் ஒரு பெரிய பச்சைப் போர்டு உண்டு. இரும்புக் கால். அதில் சாய்ந்துகொண்டுதான் தினமும் டீ குடிப்பேன். முப்பத்தொரு வருடம் அது எனக்கு நிழல். இப்போது நிமிர்ந்து பார்த்தேன். முதல் வரியில் நம் குடியிருப்பின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு அம்பு. நாலரை கிலோமீட்டர்.

அந்த அம்பு காட்டுவது புறவழிச் சாலை. அதில் பஸ் கிடையாது, நடக்கவும் விடமாட்டார்கள். கார்காரர்கள் சாலை. நம் பக்கத்து ஆட்களுக்கு அது எங்கே போகிறது என்று கவலை இல்லை. பஸ் சந்தையைச் சுற்றி, ரயிலடியைச் சுற்றி வரும். வீடு என்றால் ஐம்பது நிமிடம் என்றே நான் இருந்துவிட்டேன். அந்தப் போர்டு அன்றைக்கும் இருந்தது. அதே துரு.

வாத்தியாரம்மாவிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. கேட்டேன், கூட்டிப் போனார். பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு போர்டாகச் சத்தமாகப் படித்தேன். நேரே. ரவுண்டானாவில் இடது. தண்ணீர்த் தொட்டிக்கு முன் மறுபடி இடது. எங்கேயும் குழப்பம் இல்லை, எல்லா முனையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். “மெதுவா போங்கம்மா, ரெண்டாவது கியர்ல போற மாதிரி” என்றேன். “ஐயா, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க” என்றார். “அடிக்கட்டும்” என்றேன்.

பதினோரு நிமிடம் ஆயிற்று, பாப்பா.

இருநூறு வேண்டியிருக்கவில்லை. நூறு வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்த அந்த இரண்டு கியர் போதுமாக இருந்திருக்கிறது. தெருமுனையில் இறங்கி, நீ நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே. அப்படிச் செய்யாதே. அது உன் ஆசை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சீக்கிரம் போய்ச் சேர்வதற்காக வாங்காதே. தினமும் உட்காரும்போது உனக்குப் பிடித்திருந்தால் வாங்கு.

இப்படிக்கு
அப்பா
(இது என் கையெழுத்து)

மே 21

அன்புள்ள அப்பா,

அந்த அரை மணி நேரத்தை நீங்கள் முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதி தருகிறேன்.

இன்னும் எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனால் நீங்கள் போய் அந்தத் தெருமுனையில் நின்றதை நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு லிஃப்டை இரண்டு தடவை சோதித்தேன்.

உங்கள் ஊர்க் கடையில் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தவளையை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கத் தருகிறார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் போங்கள் மேடம், வேகம் தெரியும் என்றார்கள். வேண்டாம், எனக்கு வேறு வழி இருக்கிறது என்றேன். வாங்குவதா இல்லையா என்று அதன் பிறகு சொல்கிறேன்.

ஹோட்டலின் பின்வாசலில், அந்தப் போர்டுக்குக் கீழே நில்லுங்கள். ஏறும்போது தலையைக் குனியுங்கள், எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். பின்சீட்டில் என் பையை வைக்கப் போவதில்லை, அது அம்மாவின் இடம்.

நான் ஓட்டுகிறேன். மூன்றாவது கியருக்குப் போகமாட்டேன். எனக்கு அந்த வழி தெரியாது. ஒவ்வொரு போர்டாக நீங்கள்தான் படித்துச் சொல்லவேண்டும். சத்தமாகப் படியுங்கள்.

உங்கள்
பாப்பா